154-ஆ, 165-ஆ? ஆழ்பனியில் ஒரு டிராக்கின் கணக்கு

மலைப் பனியில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் ஸ்னோமொபைலை வாங்கப் போகிறவரை அதிகம் தயங்க வைப்பது எஞ்சினோ நிறமோ விலையோ அல்ல. மாடல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மூன்று இலக்க எண்தான். 146, 154, 165, 175. வண்டியின் அடியில் சுழலும் ரப்பர் டிராக்கின் நீளம் அது, அங்குலக் கணக்கில். எஞ்சின் ஒன்று, இருக்கை ஒன்று, முன்னால் இருக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளும் ஒன்று. டிராக் மட்டும் ஒன்றில் நீளம், இன்னொன்றில் குட்டை. நீளமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். பனியின் இயற்பியலுக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்த்தால் அந்த எண்ணம் பாதிதான் சரி என்று தெரியும்.

முதலில் பனியைப் பார்ப்போம். குளிர்ந்த, உலர்ந்த மலைகளில் புதிதாகப் பெய்த பொடிப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். அதே கன அளவு தண்ணீர் 1000 கிலோ. அந்தப் பனியில் பத்தில் ஒன்பது பங்கும் அதற்கு மேலும் காற்றுதான். படிகங்கள் ஒன்றையொன்று நுனிகளில் தொட்டுக்கொண்டு நிற்கும் ஒரு தளர்ந்த கூடு அது. அதன் மீது பாரம் ஏறினால் கூடு நொறுங்கி, படிகங்கள் நெருங்கி, அடர்த்தி கூடுகிறது. நெருங்கிய படிகங்கள் தொடும் இடங்களில் ஒட்டிக்கொள்ளவும் தொடங்குகின்றன. உருகாமலே, உறைநிலைக்குக் கீழேயே இந்த ஒட்டுதல் நடக்கும். மேலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்குப் பனி இறுகும் ஆழத்தில் வண்டி நிற்கும். அழுத்தம் குறைவென்றால் அந்த ஆழமும் குறைவு. மலை வண்டி மிதக்கிறது என்று ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

அழுத்தத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமில்லை. இன்றைய மலை வண்டி எரிபொருள் இல்லாமல் ஏறக்குறைய 200 முதல் 220 கிலோ வரை இருக்கும். டாங்கில் பெட்ரோல் 30 கிலோ. ஓட்டுநரும் அவருடைய உடை, தலைக்கவசம், மண்வெட்டி, முதுகுப்பையும் சேர்ந்து எண்பது, தொண்ணூறு கிலோ. மொத்தத்தில் 330 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 154 அங்குல டிராக்கில் தட்டையாகத் தரையில் படியும் பகுதி தோராயமாக 50 அங்குலம். அகலம் 16 அங்குலம். அதாவது அரை சதுர மீட்டர். வண்டியின் முழு எடையும் அதன் மேல் இருப்பதாகக் கொண்டால்கூட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வரும் பாரம் 65 கிராம்தான். 80 கிலோ எடையுள்ள ஒருவர் பூட்ஸ் காலோடு ஒரு அடி எடுத்து வைக்கும்போது அந்த ஒரு பாதத்தின் கீழ் வரும் அழுத்தம் இதைப் போல ஐந்து மடங்கு. நடப்பவர் இடுப்பு வரை புதையும் பனியில் கால் டன் எடையைத் தாண்டிய வண்டி மேலே ஓடுவது இப்படித்தான்.

இந்தப் பரப்பளவுக் கணக்கின் பின்னால் ஒரு துயரமும் இருக்கிறது. 1934-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உள்ள வால்கூர் ஊரில், ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் இரண்டு வயது மகன் இவோன் குடல்வால் நோயால் இறந்தான். சாலைகள் பனியால் மூடிக் கிடந்தன. மருத்துவமனைக்குக் கொண்டு போக வழியில்லை. பனியின் மேல் ஓடும் வண்டியைச் செய்ய ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்த பொம்பார்டியே, பல் சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த ஓட்டு முறைக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் அவர் விற்கத் தொடங்கிய பி-7 வண்டியில் ஏழு பேர் உட்காரலாம். ஒருவரோ இருவரோ ஓட்டும் சின்ன வண்டியான ஸ்கி-டூ வந்தது 1959-இல். இன்றைய மலை வண்டிகள் எல்லாம் அந்த ரப்பர் பட்டையின் வாரிசுகள்.

இப்போது அந்த மூன்று இலக்க எண்ணுக்கு வருவோம். 154 என்பது பனியில் படியும் நீளம் இல்லை. டிராக்கை ஒரு இடத்தில் வெட்டி விரித்தால் கிடைக்கும் முழுச் சுற்றளவு. அதில் ஏறக்குறைய பாதி எப்போதும் மேலே, வண்டியின் உலோகக் கூட்டுக்குள், திரும்பி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே 154-இலிருந்து 165-க்குப் போகிறவர் 11 அங்குலத்துக்குக் காசு கொடுத்தாலும் பனிக்குக் கிடைப்பது ஐந்தரை அங்குலம்தான். மீதி ஐந்தரை அங்குலம் மேலே சும்மா பயணம் செய்கிறது, அதுவும் எடையோடு. படியும் பகுதி 50 அங்குலம் என்றால் ஐந்தரை அங்குலம் அதில் 11 விழுக்காடு. விளம்பரப் பலகையில் பெரிதாகத் தெரியும் வித்தியாசம் பனியில் இந்த அளவுதான்.

11 விழுக்காடு அற்பம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஓட்டுநரின் எடையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 65 கிலோ எடையுள்ளவரும் 115 கிலோ எடையுள்ளவரும் ஒரே வண்டியில் ஏறினால் மொத்தப் பாரம் முதல்வருக்கு 322 கிலோ, இரண்டாமவருக்கு 372 கிலோ என்ற கணக்கில் வரும். வித்தியாசம் 15 விழுக்காட்டுக்கும் மேல். அதாவது பருத்த உடலுள்ளவர் 165 டிராக்கில் உட்கார்ந்தாலும், ஒல்லியானவர் 154-இல் அனுபவிக்கும் மிதப்பு அவருக்குக் கிடைக்காது. "நான் 165 ஓட்டுகிறேன், நீயும் அதையே வாங்கு" என்று நண்பர் சொல்லும் யோசனையில் உள்ள ஓட்டை இதுதான். அவர் எடை என்ன, உங்கள் எடை என்ன என்பதைக் கேட்காமல் அந்த யோசனைக்குப் பொருளே இல்லை. வண்டி வாங்குகிறவர்கள் தங்கள் எடையை மறந்துவிட்டு வண்டியின் எடையில் இரண்டு கிலோ குறைவதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது.

அகலமும் இதே கணக்கில் சேரும். ஸ்கி-டூவின் சம்மிட் வண்டிகளில் டிராக்கின் அகலம் 16 அங்குலம். போலாரிஸ் நிறுவனத்தின் மலை வண்டிகளில் 15 அங்குலம். 16-ஐ 154-ஆல் பெருக்கினால் 2464. 15-ஐ 165-ஆல் பெருக்கினால் 2475. இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஓட்டும்போது இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஆழ்பனியில் வண்டியைத் திருப்புவது கைப்பிடியால் மட்டும் நடப்பதில்லை. ஓட்டுநர் தன் உடலை ஒரு பக்கம் சாய்த்து வண்டியையே விளிம்பில் நிறுத்தித்தான் திருப்ப வேண்டும். அகலமான டிராக்கை விளிம்புக்குச் சாய்க்க அதிக பலம் வேண்டும். குறுகிய, நீண்ட டிராக் சுலபமாகச் சாயும்; சாய்ந்த பின் நேர்கோட்டிலேயே போகப் பார்க்கும். இந்தச் சாய்வைச் சுலபமாக்கத்தான் ஆர்க்டிக் கேட் நிறுவனம் 2019 மாடலில், வழக்கமான இரண்டு சட்டங்களுக்குப் பதிலாக டிராக்கின் நடுவில் ஒற்றைச் சட்டம் ஓடும் ஆல்ஃபா ஒன் என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. பரப்பளவு சமமாக இருந்தும் வண்டியின் குணம் வேறாக இருப்பதால் நீளத்தை மட்டும் தனியாகப் பிரித்துத் தேர்ந்தெடுக்க முடியாது.

மிதந்தால் மட்டும் போதாது, முன்னே போகவும் வேண்டும். டிராக்கின் வெளிப்புறத்தில் வரிசையாக நிற்கும் ரப்பர் துடுப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. தட்டையான பாதைகளில் ஓடும் வண்டிகளில் துடுப்பின் உயரம் ஒன்றேகால் அங்குலம் அளவில் இருக்கும். மலை வண்டிகளில் இரண்டரை முதல் மூன்று அங்குலம். சேறடித்த வயலில் டிராக்டருக்கு மாட்டும் கேஜ் வீலைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே விளங்கும்: வயலில் அது இல்லாமல் ஆகாது, தார்ச்சாலையில் அதை வைத்துக்கொண்டு ஓட முடியாது. துடுப்பு பனியைத் தள்ளும்போது இரண்டு துடுப்புகளுக்கு நடுவே சிக்கிய பனிக்கட்டம் பின்னோக்கி நெருக்கப்படுகிறது. அந்தக் கட்டம் பிய்ந்து போகாமல் தாங்கும் வரை வண்டி முன்னே நகரும். பிய்ந்துவிட்டால் துடுப்பு வெறுமனே பனியை வாரி வீசும். டிராக் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு கீழே இறங்கும். துடுப்புகளுக்கு இடையே மூன்றரை அங்குல இடைவெளி விட்டால் 154 டிராக்கில் மொத்தம் 44 வரிசைகள், 175-இல் 50. ஒரே நேரத்தில் பனியைப் பிடித்திருப்பவை 154-இல் சுமார் 14 வரிசைகள். 165-க்குப் போனால் இன்னும் ஒன்றரை வரிசை கூடும். அதே தள்ளுவிசை அதிக துடுப்புகளுக்குப் பங்கிடப்படுவதால் ஒவ்வொரு பனிக்கட்டத்தின் மேலும் சுமை குறைகிறது. உலர்ந்த, பிடிப்பில்லாத பொடியில் இந்தப் பங்கீடு மிக முக்கியம்.

நீளம் தன் அருமையை உண்மையிலேயே காட்டுவது செங்குத்தான ஏற்றத்தில்தான். வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பனிக்கு மேல் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 35 பாகை ஏற்றத்தில், அந்த மையத்திலிருந்து நேர் கீழே விழும் கோடு டிராக்கைத் தொடும் இடம், சமதளத்தில் தொடும் இடத்தைவிட 42 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். முடுக்கினால் இன்னும் பின்னால். டிராக்கின் பின் முனையை அந்தக் கோடு நெருங்க நெருங்க, பாரம் முழுவதும் பின் முனையில் குவிந்து அங்கே குழி விழும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு எழும்பும். சறுக்குக் கட்டைகள் காற்றில் தொங்கும். 165 டிராக்கில் கூடுதலாகக் கிடைக்கும் ஐந்தரை அங்குலம், அதாவது 14 சென்டிமீட்டர், பெரும்பாலும் பின்புறமாகத்தான் நீள்கிறது. 42-இல் 14 என்பது மூன்றில் ஒரு பங்கு. பரப்பளவில் 11 விழுக்காடாகத் தெரிந்த அதே நீளம் ஏற்றத்தின் சமநிலையில் இத்தனை பெரிய பங்கை வகிக்கிறது. ஏற்றமே குறி என்றால் நீண்ட டிராக் வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு அடிப்படை மிதப்பைவிட இந்த நெம்புகோல் கணக்குதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் விலை உண்டு. டிராக்கின் எடை மற்ற எடையைப் போன்றதில்லை. வண்டி ஓடும்போது பனியில் படிந்த பகுதி தரையைப் பொறுத்தவரை நின்றுகொண்டிருக்கிறது; மேலே திரும்பி ஓடும் பகுதி வண்டியின் வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே பாதி எடை இரட்டை வேகத்தில் ஓடுவதற்கு, முழு எடையும் ஒற்றை வேகத்தில் ஓடுவதைப் போல இரண்டு மடங்கு ஆற்றல் வேண்டும். இருக்கையில் ஒரு கிலோ கூடுவதற்கும் டிராக்கில் ஒரு கிலோ கூடுவதற்கும் இதுதான் வித்தியாசம்: முடுக்கும்போது டிராக்கின் ஒரு கிலோ இரண்டு கிலோவாகக் கனக்கும். அதோடு நீண்ட டிராக்கில் அதிக துடுப்புகள், அதிக உரசல். மலையேறும் வண்டிக்கு டிராக் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது என்பது உயிர்நாடி. வேகமாக ஓடும் வண்டி பனியின் மேல் எழும்பி நிற்கிறது, வேகம் குறைந்தால் புதைகிறது. எஞ்சின் திணறினால் நீளம் கொடுத்த மிதப்பை வேகக் குறைவு பறித்துவிடும்.

அந்தத் திணறல் உயரத்தோடு சேர்ந்து வருகிறது. 3000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 70 விழுக்காடுதான். கடல் மட்டத்தில் 165 குதிரைத்திறன் தரும் 850 சிசி எஞ்சின், காற்றை மூச்சிழுத்தே வாழும் வகையைச் சேர்ந்ததென்றால், அங்கே சுமார் 115-தான் தரும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள டோகோட்டி கணவாயின் உயரம் 2944 மீட்டர். அங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் கிளம்பும் இடத்திலேயே இந்த இழப்போடுதான் கிளம்புகிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ரெவெல்ஸ்டோக் ஊரோ 500 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. மேலே போனாலும் ஓட்டும் களங்கள் பெரும்பாலும் 2000 மீட்டரை ஒட்டியவை. அதே வண்டிக்கு அங்கே பலம் அதிகம். 2020 மாடலில் ஸ்கி-டூ தொழிற்சாலையிலிருந்தே டர்போ பொருத்திய இரு வீச்சு எஞ்சினைக் கொண்டுவந்தபோது இந்தக் கணக்கு மாறியது. சுமார் 2400 மீட்டர் வரை அதே 165 குதிரைத்திறனை அது விடாமல் தந்தது. டர்போ இருந்தால் நீண்ட டிராக்கைத் தயங்காமல் சுழற்றலாம். சிறிய எஞ்சினோடு, மிக உயரத்தில், நீண்ட டிராக்கும் உயர்ந்த துடுப்பும் சேர்ந்தால் அந்த வண்டி மிதக்கும், ஆனால் நகரத் தயங்கும்.

பனியின் வகை இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. அலாஸ்காவின் தாம்சன் கணவாயில் 1952–53 குளிர்காலத்தில் 24 மீட்டருக்கும் மேல் பனி பெய்தது. ஆனால் பசிபிக் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் பனி கனமானது. வாஷிங்டன் மாநிலத்தின் காஸ்கேட் மலைகளிலும் அதே கதை. புதிதாகப் பெய்ததே ஒரு கன மீட்டருக்கு 100 முதல் 150 கிலோ வரை இருக்கும். அந்தப் பனி தானாகவே வண்டியைத் தாங்கும். நீளம் அங்கே அவ்வளவு உதவுவதில்லை. உள்நாட்டு ராக்கி மலைகளுக்குப் போகப் போகப் பனி உலர்ந்து இலேசாகிறது. குறிப்பாக வயோமிங்கிலும் கொலராடோவிலும் ஜனவரி மாதத்துப் பனிக்கு அடியே இல்லாததுபோலத் தோன்றும். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் பகலில் உருகி இரவில் உறைந்து மேற்பரப்பு இறுகும். அப்போது 146 டிராக்கே தாராளம். ஆக எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதோடு எந்த மாதங்களில் ஓட்டுகிறீர்கள் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

மரங்களுக்கு நடுவே நிலைமை வேறு. அடர்ந்த காட்டுச் சரிவில் மலையைக் குறுக்காகக் கடந்து, ஃபிர் மரம் ஒன்றைச் சுற்றி மேலேறி, அடுத்த நொடியே எதிர்ப்பக்கம் விளிம்பு மாற்றிக் கீழே வர வேண்டியிருக்கும். குறுக்காகக் கடக்கும்போது நீண்ட டிராக் சரிவை உறுதியாகக் கவ்விக்கொள்ளும், பின்பகுதி கீழ்நோக்கி வழுக்காது. ஆனால் பக்கம் மாறும்போது அந்த உறுதியே எதிரியாகிறது. நீளம் கூடக் கூட வண்டியைச் சுற்றுவதற்குப் பனி காட்டும் எதிர்ப்பும் கூடுகிறது, பின்முனையின் எடையும் நடுவிலிருந்து தள்ளிப் போகிறது. குட்டை டிராக் விரலசைவுக்குத் திரும்பும். பள்ளத்தில் பாய்ந்து மேலே எழும். விளையாடப் பிடித்தவர்கள் 146-ஐ விடாமல் வைத்திருப்பதன் காரணம் இதுதான். அதற்குப் பதில் அவர்கள் தவறே செய்யாமல் ஓட்ட வேண்டும். வேகத்தைத் தப்பான இடத்தில் விட்டுவிட்டால் குட்டை டிராக் உடனே புதையும். நீண்ட டிராக் மன்னித்துவிடும். இதனால் புதிதாகக் கற்கிறவர்களுக்கு நடுத்தர அளவை விடக் கொஞ்சம் நீளமே நல்லது என்பது என் கருத்து. புதைந்த வண்டியை மண்வெட்டியால் தோண்டி எடுப்பதிலேயே நாளும் உடல் பலமும் தீர்ந்துவிட்டால் கற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

மலைக்குப் போய்ச் சேரும் பாதையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பல இடங்களில் பொடிப்பனியை அடைவதற்கு முன் இறுகிய, இயந்திரம் கொண்டு சமப்படுத்திய பாதையில் பல கிலோமீட்டர் ஓட வேண்டும். இந்த எஞ்சின்களின் சூட்டைத் தணிப்பது வண்டியின் அடிக்கூட்டில் பதித்திருக்கும் குளிர்விப்பான். டிராக் வாரி எறியும் பனி அதில் பட்டு உருகினால்தான் எஞ்சின் குளிரும். சட்டத்தின் அடியில் டிராக் உரசும் நெகிழிப் பட்டைகளுக்கும் அந்தப் பனிதான் மசகு. இறுகிய பாதையில் பனி எழும்பாது. எஞ்சின் சூடேறும், நெகிழிப் பட்டை தேயும், மூன்று அங்குலத் துடுப்புகள் வேகத்தில் மடங்கி மடங்கிச் சூடாகிக் கிழியவும் கூடும். பாதையைச் சுரண்டிப் பனித்தூளை எழுப்ப ஒரு கம்பியைச் சட்டத்தில் மாட்டிக்கொள்வார்கள். பாதையில் அதிக தூரம் போக வேண்டியவருக்கு நீளத்தைவிடத் துடுப்பின் உயரத்தைக் குறைப்பது அதிக பயன் தரும்.

1990-களில் மலைக்கென்று வந்த வண்டிகளில் 136 அங்குலம் என்பதே நீளமாகக் கருதப்பட்டது. பின்னர் 144, 151, 159 என்று ஏறி, 163-ஐயும் 174-ஐயும் தொட்டது. ஒவ்வொரு ஏற்றத்தோடும் சராசரி ஓட்டுநர் எட்டக்கூடிய சரிவின் செங்குத்தும் கூடியது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பலகை பலகையாகப் பெயர்ந்து ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வுகளில்தான் கிளம்புகின்றன. உயிரிழப்பவர்களில் மிகப் பெரும்பாலோர், தாங்களோ தங்கள் குழுவில் ஒருவரோ கிளப்பிவிட்ட பனியில்தான் சிக்குகிறார்கள். நீண்ட டிராக் எட்டிப் பிடிக்கும் புதிய சாய்வுகள் அத்தனையும் அந்த வரம்புக்குள் இருக்கின்றன. 2010 மார்ச் 13 அன்று ரெவெல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில், யார் அதிக உயரம் ஏறுவது என்று பார்க்கக் கூடியிருந்த சுமார் 200 பேர் மீது பனிச்சரிவு இறங்கியது. இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். டிராக்கின் மிதப்பு பனியின் மேற்பரப்பைப் பற்றிய செய்தி மட்டுமே. அதற்கு ஒரு மீட்டர் கீழே, முந்தைய மாதத்தில் உருவான பலவீனமான அடுக்கு ஒன்று இருக்கிறதா என்பதை வண்டி அறியாது. 165 டிராக்குக்குச் செலவழிக்கிறவர், புதைந்தவரைத் தேடும் ரேடியோ கருவிக்கும் துழாவுகோலுக்கும் மண்வெட்டிக்கும், அவற்றைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் பயிற்சிக்கும் முதலில் செலவழிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

தெரிவு எப்படி அமையும்? ரெவெல்ஸ்டோக் போன்ற இடத்தில், காட்டுக்குள்ளும் வெட்டவெளியிலும் கலந்து ஓட்டும், உடையோடு 85 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நான் 154-ஐத்தான் சொல்வேன். டோகோட்டி உயரத்தில், ஜனவரிப் பொடியில், 100 கிலோவைத் தாண்டிய ஒருவருக்கு 165, கூடவே இயன்றால் டர்போ. அதே உயரத்தில் டர்போ இல்லாமல் இலேசான உடலோடு ஓட்டுகிறவர் 154-இல் நின்றுகொண்டு, மிச்சமாகும் பணத்தில் பல்சக்கர விகிதத்தை உயரத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். கிளட்சின் எடைகளையும் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த நீளமும் தன் முழுத் திறனைக் காட்டாது. 175 என்பது ஆழமான பொடியில் நேராக மேலேறுவதையே விரும்புகிறவர்களுக்கும் மிகக் கனமான ஓட்டுநர்களுக்கும் உரியது. பின்னர் மனம் மாறினால் டிராக்கை மட்டும் மாற்றி முடித்துவிட முடியாது. சட்டங்களை நீட்ட வேண்டும், சில வண்டிகளில் மேற்கூட்டையும் நீட்ட வேண்டும், அந்தச் செலவு கையைக் கடிக்கும். மலையடிவார ஊர்களில் வாடகைக்கு வண்டி கிடைக்கும்போது, ஒரே நாளில், ஒரே பனியில் இரண்டு நீளங்களையும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது மலிவு.